டாம்கேட் மக்கர் செய்தால் எந்த வரிசையில் தேடுவது?

ஜாவா கற்றுக்கொண்டு முதல் வெப் அப்ளிகேஷனை எழுதி முடித்தவர்கள் பலர் தடுக்கி விழுகிற இடம், அதை டாம்கேட்டில், அதாவது ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர் மென்பொருளில், ஏற்றுகிற கட்டம்தான். கோட் சரியாக இருக்கும், சொந்தக் கணினியில், கோட் எழுதும் எக்லிப்ஸ் மென்பொருளுக்குள் நன்றாக ஓடியும் இருக்கும். சர்வரில் போட்டால் மட்டும் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை என்ற பிழை. உடனே இணையத்தில் தேடி ஒருவர் சொன்ன வரியை ஒட்டுவோம், அது பலிக்கவில்லை என்றால் இன்னொருவர் சொன்னதையும் ஒட்டுவோம். அரை மணி நேரத்தில் முதலில் இருந்த கோளாறு எது, நாமே சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

இதற்கு அவசியமே இல்லை. டாம்கேட்டில் என்ன தவறு நடந்தாலும் பெரும்பாலும் அது எங்கேயோ ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரிந்து, ஒழுங்கான வரிசையில் தேடினால் போதும். முதலில் ஜாவா, அடுத்து போர்ட் (சர்வர் கோரிக்கைக்காகக் காத்திருக்கும் எண்), அடுத்து அப்ளிகேஷன் ஏறியதா என்பது, கடைசியில்தான் உங்கள் கோட். முந்தையது சரி என்று உறுதியாகாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

தொடங்கும் முன்

லினக்ஸில் இரண்டு வழிகளில் டாம்கேட்டை நிறுவலாம். டெபியன், உபுண்டு தரும் பேக்கேஜை ஏப்டி மூலம் போடலாம், அல்லது அப்பாச்சி தளத்திலிருந்து சுருக்கிய கோப்பை இறக்கி விரித்துக்கொள்ளலாம். பழகுகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பேக்கேஜ் வழியில் கான்ஃபிக் கோப்புகள் ஓரிடம், லாக் ஓரிடம், அப்ளிகேஷன் ஓரிடம் என்று சிதறிக் கிடக்கும். இறக்கி விரித்தால் பின், கான்ஃப், லிப், லாக்ஸ், வெப்ஆப்ஸ், வொர்க் எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் கண்முன் இருக்கும். உண்மையான சர்வருக்குப் போகும்போது பேக்கேஜுக்கு மாறிக்கொள்ளலாம்.

பிரவுசர் காட்டுவதை வைத்து இடத்தைக் கண்டுபிடியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் பிரவுசரில் வந்த பிழையை நிதானமாகப் படியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

"இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால் அந்தப் போர்ட்டில் யாருமே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டாம்கேட் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. வெகுநேரம் சுற்றிவிட்டு "நேரம் கடந்தது" என்று வந்தால் நடுவில் ஃபயர்வால் தடுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சர்வருக்குள் நுழைந்து கர்ல் கட்டளையால் லோக்கல்ஹோஸ்ட் 8080-ஐ (டாம்கேட்டின் இயல்பான போர்ட்) கேட்டுப் பாருங்கள். உள்ளே பதில் வந்து வெளியே வரவில்லை என்றால் டாம்கேட்டைத் தொடவே வேண்டாம். யூஎஃப்டபிள்யூ அல்லது ஃபயர்வால்டி விதிகளையும், கிளவுட் சர்வர் என்றால் அதன் கன்சோலில் உள்ள செக்யூரிட்டி குரூப்பையும் பாருங்கள்.

404 வந்தால் ஒருவிதத்தில் நல்ல செய்திதான். டாம்கேட் உயிரோடு இருக்கிறது, நீங்கள் கேட்ட முகவரி மட்டும் அதற்குத் தெரியவில்லை. 500 என்றால் கோரிக்கை உங்கள் அப்ளிகேஷனுக்குள் போய் அங்கே வெடித்திருக்கிறது. 502 என்றால் அதைச் சொல்வது பெரும்பாலும் என்ஜின்எக்ஸ், அதாவது முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி டாம்கேட்டுக்கு அனுப்பும் வெப் சர்வர். பின்னால் உள்ள டாம்கேட்டை அதனால் எட்ட முடியவில்லை.

ஜாவா எது, எந்தப் பதிப்பு

டாம்கேட் 9-க்கு ஜாவா 8 போதும். 10.1-க்கு ஜாவா 11, டாம்கேட் 11-க்கு ஜாவா 17 குறைந்தபட்சம் வேண்டும். டெர்மினலில் ஜாவா -வெர்ஷன் அடித்து 17 என்று வந்ததாலேயே டாம்கேட்டும் அதையே எடுத்துக்கொள்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஜேஆர்இ_ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் டாம்கேட் அதைத்தான் எடுக்கும். அது இல்லையென்றால்தான் ஜாவா_ஹோம். என்றைக்கோ யாரோ வைத்துவிட்டுப் போன ஜேஆர்இ_ஹோம் பழைய ஜாவா 8-ஐச் சுட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி பார்க்கிற காட்சி. சந்தேகம் தீர பின் ஃபோல்டரில் உள்ள வெர்ஷன்.எஸ்எச்-ஐ ஓட்டுங்கள். டாம்கேட் பதிப்பு, அது உண்மையில் பயன்படுத்தும் ஜாவா இரண்டையும் அது காட்டும்.

விண்டோஸில் ஸ்டார்ட்அப்.பேட்-ஐ இரட்டைக் கிளிக் செய்தால் கறுப்பு ஜன்னல் மின்னி மறைந்துவிடும், பிழையைப் படிக்க நேரமே இருக்காது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பின் ஃபோல்டருக்குப் போய், கேட்டலினா.பேட் ரன் என்று ஓட்டுங்கள். இப்போது பிழை அதே ஜன்னலில் நிற்கும். பெரும்பாலும் ஜாவா_ஹோம் வைக்கப்படவில்லை என்று சொல்லும், அல்லது வைத்தது தவறாக இருக்கும். அதில் ஜேடிகே ஃபோல்டரைத்தான் கொடுக்க வேண்டும், அதற்குள் இருக்கும் பின் ஃபோல்டரை அல்ல.

"அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்" என்று வந்தால், புதிய ஜாவாவில் கம்பைல் செய்ததைப் பழைய ஜாவாவில் ஓட்டப் பார்க்கிறீர்கள். அந்தச் செய்தியிலேயே இரண்டு எண்கள் இருக்கும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைத்துவிடும்.

மெமரி அளவு போன்ற அமைப்புகளை கேட்டலினா.எஸ்எச்-க்குள் எழுதாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். பின் ஃபோல்டரில் செட்என்வ்.எஸ்எச் என்று ஒரு கோப்பை நீங்களே உருவாக்கி அதில் வையுங்கள். டாம்கேட் அதைத் தேடிப் படித்துக்கொள்ளும். கேட்டலினா_ஆப்ட்ஸ் வேரியபிளில் வைப்பதே சரி. ஜாவா_ஆப்ட்ஸில் வைத்தால் டாம்கேட்டை நிறுத்தப் போடும் கட்டளைக்கும் அதே அமைப்பு போய்ச் சேரும். கண்காணிப்புக்காக ஒரு போர்ட்டை அதில் திறந்துவைத்திருந்தால், நிறுத்தும் கட்டளையும் அதே போர்ட்டைத் திறக்கப் போய்த் தோற்கும், டாம்கேட் நிற்காது.

போர்ட்

ஸ்டார்ட்அப்.எஸ்எச்-ஐ ஓட்டியதும் "டாம்கேட் ஸ்டார்ட்டட்" என்று வருகிறதே, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பின்னணியில் ஒரு ஜாவா பிராசஸைக் கிளப்பிவிட்டேன் என்பது மட்டும்தான் அதன் பொருள். அடுத்த நொடியே அது செத்துப்போனாலும் அந்த வரி வந்திருக்கும். நம்ப வேண்டிய வரி லாகில் வரும் "சர்வர் ஸ்டார்ட்அப் இன்" என்று தொடங்கி மில்லிசெகண்ட் கணக்கோடு முடிவது.

அந்த வரியும் முழு உத்தரவாதம் அல்ல. 8080 போர்ட்டை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருந்தால் டாம்கேட் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று லாகில் எழுதிவிட்டு, மற்ற வேலைகளைத் தொடரும். "சர்வர் ஸ்டார்ட்அப்" வரியும் வரும், பிராசஸும் ஓடும், பக்கம் மட்டும் வராது. இதில் இன்னொரு பிரச்சினை: 8080-ல் பதில் வந்தாலும் பதில் சொல்வது வேறு யாராவதாக இருக்கலாம். பில்ட் வேலைகளுக்குப் பயன்படும் ஜென்கின்ஸின் இயல்பான போர்ட்டும் 8080 தான். லினக்ஸில் எஸ்எஸ் -எல்டிஎன்பி, விண்டோஸில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ என்று அடித்தால் எந்த பிராசஸ் எந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். லினக்ஸில் சூடோவோடு அடியுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களின் பிராசஸ் பெயர் தெரியாது.

பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருப்பது உங்கள் பழைய டாம்கேட்டேதான். ஷட்டவுன் கொடுத்தும் சாகவில்லை. அப்ளிகேஷன் கிளப்பிவிட்ட ஏதோ ஒரு த்ரெட் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால் ஜேவிஎம் அதற்காகக் காத்திருக்கும். இப்போதைக்கு அந்த பிராசஸை கில் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால், கோட்டில் திறந்த த்ரெட் பூல் எங்காவது மூடப்படாமல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரே இயந்திரத்தில் இரண்டு டாம்கேட் ஓட்டுகிறவர்கள் 8080-ஐ மட்டும் 8081 ஆக்கிவிட்டு 8005-ஐ மறந்துவிடுவார்கள். நிறுத்தச் சொல்லும் கட்டளையைக் கேட்கிற போர்ட் அது, சர்வர்.எக்ஸ்எம்எல்-ன் தொடக்கத்திலேயே இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் இரண்டாவது டாம்கேட் முழுதாகத் தொடங்கிய பிறகு தானே நின்றுவிடும்.

80, 443 போர்ட்களில் நேரடியாக ஓட்ட ஆசைப்பட்டு டாம்கேட்டை ரூட் பயனராக ஓட்டாதீர்கள். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்களைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது என்பது உண்மை. அதற்காக ரூட் உரிமை கொடுத்தால், உங்கள் அப்ளிகேஷனில் உள்ள ஒரு சின்ன ஓட்டை வழியாக மொத்த இயந்திரமும் போய்விடும். முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்திவிட்டு டாம்கேட்டை 8080-லேயே விடுங்கள்.

இந்த இடத்தில் 8009 பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் உள்ள வெப் சர்வர் டாம்கேட்டோடு பேச உதவும் ஏஜேபி கனெக்டரின் போர்ட் அது. பழைய வழிகாட்டிகள் அதைத் திறக்கச் சொல்லும். 2020-ல் வெளிவந்த கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு, 9.0.31 முதல் அது இயல்பாக மூடப்பட்டே வருகிறது. தேவை இல்லாமல் திறக்க வேண்டாம்.

எந்த லாக், எந்த வரி

புதியவர்கள் அதிக நேரம் இழப்பது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

லாக்ஸ் ஃபோல்டரில் கேட்டலினா என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும், லோக்கல்ஹோஸ்ட் என்று தேதியோடு ஒன்று இருக்கும், லோக்கல்ஹோஸ்ட் ஆக்சஸ் லாக் என்று இன்னொன்றும் இருக்கும். எல்லோரும் கேட்டலினாவைத் திறக்கிறார்கள். அதில் "ஒன் ஆர் மோர் லிசனர்ஸ் ஃபெயில்ட் டு ஸ்டார்ட்" என்று ஒரு வரி. ஏன் என்று மட்டும் இல்லை. அந்த வரியே "முழு விவரம் உரிய கன்டெய்னர் லாகில்" என்றும் சொல்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. அந்தக் கன்டெய்னர் லாக் என்பது தேதியிட்ட லோக்கல்ஹோஸ்ட் கோப்புதான். அதைத் திறந்தால் முழு எக்செப்ஷனும் அங்கே இருக்கும்.

அடுத்தது எந்த வரியைப் படிப்பது என்பது. டாம்கேட்டை நிறுத்தி, பழைய லாக் கோப்புகளை நகர்த்திவைத்து, புதிதாகத் தொடங்குங்கள். பிறகு மேலிருந்து கீழாகப் படித்து முதலில் வரும் "சிவியர்" வரியில் நில்லுங்கள். அதற்குப் பிறகு வரும் நூறு பிழைகளும் பெரும்பாலும் அந்த முதல் பிழையின் விளைவுகள். அந்த முதல் பிழைக்குள் மட்டும் தலைகீழாகப் படிக்க வேண்டும்: "காஸ்ட் பை" என்று பல அடுக்குகள் இருக்கும், மூலக் காரணம் கடைசி அடுக்கில் இருக்கும். ஸ்பிரிங் அப்ளிகேஷன் என்றால் மேலே பத்து வரிக்கு பீன் உருவாக்க முடியவில்லை என்று புலம்பிவிட்டு, அடியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் தவறு என்று ஒரே வரியில் சொல்லும்.

பயப்பட வேண்டாத வரிகளும் உண்டு. டிஎல்டி (ஜேஎஸ்பி டேக்குகளை விவரிக்கும் கோப்பு) எதுவும் இல்லாத ஜார் கோப்புகளை அலசினேன் என்று ஒரு வரி வரும். அது வெறும் தகவல், கோளாறு அல்ல.

ஏப்டி வழியாக நிறுவியவர்கள் ஜர்னல்சிடிஎல் -யு டாம்கேட்10 என்று அடித்தும் பாருங்கள். தொடக்கத்திலேயே விழுந்துவிட்டால் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

404: அப்ளிகேஷன் உண்மையில் ஏறியதா?

வார் என்பது மொத்த அப்ளிகேஷனையும் கட்டிவைத்த ஒரே கோப்பு. வெப்ஆப்ஸில் ஷாப்.வார் என்று போட்டால் முகவரி 8080-க்குப் பிறகு சாய்கோடு ஷாப். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. முகவரியில் பெயரே வேண்டாம் என்றால் கோப்பின் பெயர் ரூட்.வார் ஆக இருக்க வேண்டும், ரூட் என்பதன் நான்கு ஆங்கில எழுத்தும் பெரியதாக. ஏற்கெனவே அங்கே இருக்கும் ரூட் ஃபோல்டரை முதலில் எடுத்துவிடுங்கள்.

பெரிய வார் கோப்பை நெட்வொர்க் வழியாக நேராக வெப்ஆப்ஸுக்குள் காப்பி செய்யாதீர்கள். பாதி வந்தபோதே டாம்கேட் அதை விரிக்கத் தொடங்கி, ஜிப் கோப்பு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். வேறு ஃபோல்டரில் முழுதாக இறக்கிக்கொண்டு, அப்புறம் எம்வி கட்டளையால் உள்ளே நகர்த்துங்கள்.

லாகில் ஒரு பிழையும் இல்லை, அப்ளிகேஷன் ஏறிவிட்டது என்று வருகிறது, படங்களும் சிஎஸ்எஸ்ஸும்கூடத் திறக்கின்றன, சர்வ்லெட் முகவரிகள் மட்டும் 404 என்றால் காரணம் அநேகமாக ஒன்றே ஒன்று: டாம்கேட் 9-க்கான அப்ளிகேஷனை 10-ல் போட்டிருக்கிறீர்கள், அல்லது நேர்மாறாக. ஆரக்கிள் 2017-ல் ஜாவா இஇ-ஐ (சர்வ்லெட் உள்ளிட்ட சர்வர் பக்க ஜாவாவின் தொகுப்பு) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. ஆனால் ஜாவா என்ற வணிகப் பெயரின் உரிமை ஆரக்கிளிடமே இருந்ததால், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்களை அங்கே தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. 2020-ல் வந்த ஜகார்த்தா இஇ 9-ல் அவை எல்லாம் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 9 ஜாவாஎக்ஸை மட்டும் அறியும், 10-ம் அதற்குப் பிறகு வந்தவையும் ஜகார்த்தாவை மட்டும் அறியும். பழைய பெயரில் உள்ள வெப்சர்வ்லெட் குறிப்பைப் புதிய டாம்கேட் பிழையாகச் சொல்வதில்லை, கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறது. அதனால்தான் லாக் சுத்தமாக இருக்கிறது.

ஸ்பிரிங் பூட் 2 என்றால் டாம்கேட் 9, ஸ்பிரிங் பூட் 3 என்றால் டாம்கேட் 10.1, ஜாவா 17. கோட்டில் கைவைக்க முடியாத பழைய அப்ளிகேஷனை டாம்கேட் 10-ல் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் வாரைப் போடுங்கள். டாம்கேட்டே பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸில் வைக்கும். எல்லா லைப்ரரிக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது, சோதித்துப் பாருங்கள்.

மேனேஜர் பக்கம் உள்ளே விடவில்லை

மேனேஜர் என்பது பிரவுசர் வழியாகவே டாம்கேட்டை நிர்வகிக்கும் பக்கம். டாம்கேட்-யூசர்ஸ்.எக்ஸ்எம்எல்-ல் மாதிரிக்கு உள்ள பயனர் வரிகள் கமென்ட்டுக்குள் இருக்கும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டுக் கமென்ட் குறியை எடுக்க மறந்தால் எதுவும் நடக்காது. பயனருக்கு மேனேஜர்-ஜியூஐ என்ற ரோல் வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் வேறு கணினியிலிருந்து போனால் 403 வரும், ஏனென்றால் மேனேஜர் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டுமே திறக்கும். மேனேஜர் அப்ளிகேஷனின் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்-ல் அந்தத் தடை இருக்கிறது. இணையத்தில் பலர் அதை முழுதாக நீக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் அலுவலக ஐபியை மட்டும் சேருங்கள், அல்லது எஸ்எஸ்எச் டனல் வழியாகப் போங்கள்.

ஐந்து முறை தவறான பாஸ்வேர்ட் அடித்தால் அந்தப் பயனர் 300 விநாடி பூட்டப்படுவார். அந்த ஐந்து நிமிடமும் சரியான பாஸ்வேர்டும் செல்லாது, எனவே அவசரப்பட்டு மறுபடி கோப்பை மாற்றப் போக வேண்டாம்.

பேக்கேஜ் டாம்கேட்டும் எழுத்து உரிமையும்

டெபியன் வகை பேக்கேஜில் இன்னொரு சிக்கல். அப்ளிகேஷன் படங்களை ஒரு ஃபோல்டரில் சேமிக்கப் பார்க்கும், "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று பிழை வரும். சிஎச்மாட் 777 கொடுத்தாலும் மாறாது. டிஸ்க்கில் கோளாறு இல்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் அமைப்பு டாம்கேட்டைச் சில ஃபோல்டர்களில் மட்டும் எழுத விடுகிறது. சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையால் அந்த சர்வீஸைத் திறந்து, ரீட்ரைட்பாத்ஸ் என்ற வரியில் உங்கள் ஃபோல்டரைச் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ஃபோல்டரின் உரிமையாளர் டாம்கேட் பயனராக இருந்தால் 755 போதும், 777 வேண்டாம். உங்கள் பாஷ் அமைப்பில் வைத்த ஜாவா_ஹோமையும் சிஸ்டம்டி படிக்காது என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால்

502 வந்தால் முதலில் சர்வருக்குள்ளிருந்து 8080-ஐ நேராகக் கேட்டுப் பாருங்கள். அங்கே பதில் வந்தும் என்ஜின்எக்ஸ் வழியாக வரவில்லை, சர்வர் ரெட் ஹேட் வகை என்றால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகப்படுங்கள். வெப் சர்வர் வெளியே இணைப்பு எடுக்க அது இயல்பாகத் தடை போடுகிறது. அதை அனுமதிக்கும் ஒரு பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பை) மட்டும் இயக்கினால் போதும், எஸ்இலினக்ஸையே அணைக்கத் தேவையில்லை. 1 எம்பிக்கு மேல் கோப்பு ஏற்றும்போது 413 வந்தால், அது என்ஜின்எக்ஸின் இயல்பான வரம்பு.

எச்டிடிபிஎஸ்-ல் லாகின் செய்ததும் எச்டிடிபிக்குத் தூக்கி எறிகிறதா? என்ஜின்எக்ஸுக்கும் டாம்கேட்டுக்கும் இடையில் சாதா எச்டிடிபி ஓடுவதால் டாம்கேட் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறது. எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரை என்ஜின்எக்ஸ் அனுப்ப வேண்டும், சர்வர்.எக்ஸ்எம்எல்-ல் ரிமோட்ஐபிவால்வைச் சேர்க்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

தமிழ் எழுத்து உடைகிறதா?

நம் அப்ளிகேஷன்களுக்கு இது தப்பாமல் வரும். முதலில் எப்படி உடைகிறது என்று பாருங்கள். தலையில் கோடு போட்ட லத்தீன் ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வந்தால், பைட்கள் பத்திரமாக இருக்கின்றன, யாரோ அவற்றை ஐஎஸ்ஓ-8859-1 என்று எண்ணிப் படித்துவிட்டார்கள். கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்தே போய்விட்டது.

டாம்கேட் 8 முதல் முகவரியில் வரும் எழுத்துகள் யூடிஎஃப்-8 ஆகவே படிக்கப்படுகின்றன. ஆனால் டாம்கேட் 9-ல் போஸ்ட் வழியாக வரும் படிவம், குறியீட்டு முறை சொல்லப்படாவிட்டால், ஐஎஸ்ஓ-8859-1 ஆகத்தான் படிக்கப்படும். அதனால்தான் தேடல் பெட்டியில் தமிழ் வேலை செய்யும், பதிவுப் படிவத்தில் உடையும். வெப்.எக்ஸ்எம்எல் 4.0-ல் ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்ற குறியில் யூடிஎஃப்-8 என்று எழுதினால் தீரும். ஃபில்டர் வழியாகச் செய்தால் அது எல்லா ஃபில்டருக்கும் முதலாவதாக இருக்க வேண்டும். யாராவது ஒருமுறை கெட்பாராமீட்டரை அழைத்துவிட்டால், பிறகு குறியீட்டு முறையை மாற்றியும் பயனில்லை. ஜேஎஸ்பி பக்கங்களின் தலையிலும் பேஜ்என்கோடிங் யூடிஎஃப்-8 இருக்கட்டும்.

எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க, திரையில் அச்சிட்டுப் பார்க்காதீர்கள், டெர்மினலே எழுத்தை உடைத்துக் காட்டலாம். படிவத்தில் "அம்மா" என்று அடித்து, சர்வ்லெட்டில் அந்த ஸ்டிரிங்கின் நீளத்தை லாகில் எழுதுங்கள். 5 என்று வந்தால் டாம்கேட் வரை எல்லாம் சரி, டேட்டாபேஸ் பக்கம் போங்கள். 15 என்று வந்தால் உடைந்தது டாம்கேட்டில்தான், ஏனென்றால் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-ல் 3 பைட்.

டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால், 5.7 வரை இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்1. 8.0-ல் யூடிஎஃப்8எம்பி4 ஆனாலும், அதற்கு முன் உருவான டேபிள்கள் பழையபடியேதான் இருக்கும். ஷோ கிரியேட் டேபிள் என்று கேட்டுப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுங்கள், ஏற்கெனவே உடைந்த வடிவில் சேமித்த வரிகள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பிரித்துச் சரிசெய்யுங்கள், அப்படியே மாற்றினால் இரட்டிப்பாக உடையும். கேள்விக்குறியாகிவிட்ட வரிகளை எந்த மாற்றமும் மீட்காது. அவற்றை மறுபடி உள்ளிட வேண்டியதுதான்.